நம்ம ஊர் அக்குபங்சர் கிளினிக் திறக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீரவநல்லூரில் எங்கள் பொது அக்குபங்சர் கிளினிக் தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை திறக்கிறது. நோட்டீஸ் கொடுக்கப் போன இடமெல்லாம் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். டீக்கடையில் கேட்டார்கள், பீடிக் கடை வரிசையில் கேட்டார்கள், பாபநாசம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் கேட்டார்கள். சிலது கேலி, சிலது கோபம், பெரும்பாலானவை நியாயமான சந்தேகம். நின்ற நிலையில் சொன்ன பதில் பாதியில் நின்றுபோனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறோம்.

திறப்பு விழா எத்தனை மணிக்கு? எப்படி வரவேண்டும்?

காலை 9 மணிக்கு. திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து சேரன்மகாதேவி வழியாகப் பாபநாசம் போகிற பஸ்ஸில் ஏறினால் வீரவநல்லூரில் இறங்கிக்கொள்ளலாம். திருநெல்வேலி - செங்கோட்டை பாசஞ்சர் ரயிலும் இங்கே நிற்கும். முகவரி நோட்டீஸில் இருக்கிறது. நோட்டீஸ் தொலைந்துபோயிருந்தால் ஊருக்குள் வந்து கேளுங்கள், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த, திண்ணை வைத்த பழைய வீடு எது என்றால் யாரும் கைகாட்டுவார்கள்.

நல்ல நேரம் பார்த்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பகல் 12 மணிக்கு, ராகுகாலம் சாயங்காலம் 4.30 மணிக்கு. 12 மணிக்குள் விழா முடிந்துவிடும். எங்களில் பாதிப்பேருக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆச்சிமார் வரவேண்டுமே!

திறந்துவைக்கிற பெரிய மனுஷர் யார்?

அப்படி யாரும் இல்லை. ரிப்பனும் இல்லை, மேடையும் இல்லை. முக்கூடலில் பீடி சுற்றுகிற ஓர் அக்கா, பத்தமடையில் கோரைப்பாய் முடைகிற ஒரு பெரியம்மா, எங்கள் ஊரில் தறி நெய்கிற ஓர் அண்ணாச்சி, காருக்குறிச்சியில் பானை வனைகிற ஒரு தாத்தா, இந்த நாலு பேரும் முதல் நாலு நாற்காலியில் உட்காருவார்கள். அந்த நாலு பேருக்கும் டாக்டர் ஊசி போடுவார். அதுதான் திறப்பு. நாலு பேரும் தாங்களாகவே "முதல்ல நான் போட்டுக்கிடுதேன்" என்று முன்வந்தவர்கள்.

அதற்கு முன்னால் அரை மணி நேரம் நாதஸ்வரம் உண்டு. காருக்குறிச்சி அருணாசலத்தின் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மேளம் இல்லாமல் விழா நடத்தினால் கேவலம். ஊசி போட்ட பிறகு மட்டும் மேளம் கிடையாது, உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணயர வேண்டும்.

சாப்பாடு போடுவீர்களா?

சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் மூன்றும் பிழிந்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலோடு. கல்யாண மறுவீட்டுக்குத்தானே சொதி என்று ஒருவர் கேட்டார். புது வீட்டுக்கும் இருக்கட்டும். இஞ்சித் துவையலை ஒதுக்கிவிட்டுச் சொதியை மட்டும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டு, வயிறு மந்தம் என்று மறுநாள் எங்களிடமே வந்து நிற்காதீர்கள்.

சரி, அக்குபங்சர் என்றால் என்ன?

உடம்பில் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைக் குத்தி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு எடுக்கிற சீன வைத்தியமுறை. ஊசிக்குள் மருந்து கிடையாது, துளையும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் பெயரிட்டு வரிசைப்படுத்தியிருக்கிற புள்ளிகள் மட்டும் 361. உடம்பில் ஓடும் பாதைகளில் "சி" என்ற உயிராற்றல் நகர்கிறது, அது தடைப்பட்டால் நோய், ஊசி அந்தத் தடையை நீக்குகிறது என்பது பழைய சீன விளக்கம். ஊசி நரம்புகளைத் தூண்டுகிறது, உடம்பு தானே சுரக்கிற வலிநிவாரணிப் பொருட்கள் கூடுகின்றன, தசையின் இறுக்கம் தளர்கிறது என்பது இன்றைய ஆராய்ச்சியாளர்கள் தருகிற விளக்கம். எங்கள் டாக்டர்கள் இரண்டாவது விளக்கத்தின் பக்கம். புள்ளிகளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் சீனப் பெயரைத்தான் சொல்வார்கள்.

இந்தியாவுக்கு இது வந்த கதை கொஞ்சம் சுவாரசியமானது. 1938-ல் ஜப்பான் படையெடுப்பில் சிக்கிய சீனாவுக்கு உதவ, இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அதில் சோலாப்பூர்க்காரர் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்துபோனார். அவரோடு போன வங்காள டாக்டர் பி.கே. பாசு ஊர் திரும்பிவிட்டு, 1950களின் கடைசியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு வந்து கல்கத்தாவில் ஆரம்பித்தார். இதற்கென்று சட்டம் போட்ட முதல் மாநிலம் மேற்கு வங்கமாக இருந்ததற்கு அந்த வேர்தான் காரணம்.

எல்லாரையும் ஒரே இடத்தில் வரிசையாக உட்கார வைத்து ஊசி போடுவதா? தனி அறை இல்லையா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஊசி போடுவதற்கு டாக்டருக்கு ஐந்து முதல் பத்து நிமிஷம் போதும். அதன் பிறகு நீங்கள் அரை மணி, முக்கால் மணி நேரம் ஊசியோடு சும்மா இருக்கவேண்டும். தனி அறை வைத்தியத்தில் அந்த முக்கால் மணி நேரத்துக்கு அறைக்கும், கட்டிலுக்கும், ஏசிக்கும், காத்திருக்கிற டாக்டருக்கும் சேர்த்து நீங்கள் ஒருத்தரே காசு கொடுக்கிறீர்கள். வாரம் இரண்டு தடவை வரவேண்டிய வைத்தியத்துக்கு இது கட்டுப்படியாகாது. இரண்டு தடவை வந்துவிட்டு நின்றுவிடுவார்கள், அப்புறம் "ஒண்ணும் கேக்கலை" என்பார்கள். எப்படிக் கேட்கும்? பாதி மாத்திரை சாப்பிட்டு நிறுத்திய மாதிரிதானே அது.

பட்டாசலில், அதாவது வீட்டின் கூடத்தில், எட்டு சாய்வு நாற்காலி போட்டுவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. டாக்டர் ஒருவரை முடித்துவிட்டு அடுத்தவரிடம் போவார். கடைசி ஆளுக்குப் போடும்போது முதல் ஆளுக்கு எடுக்கிற நேரம் வந்துவிடும். செலவு எட்டாகப் பிரிகிறது.

இது எங்கள் மூளையில் உதித்த யோசனை அல்ல. அமெரிக்காவில் போர்ட்லாந்து என்ற ஊரில் 2002-ல் லிசா ரோலெடர் என்ற பெண்மணியும் அவருடைய நண்பர்களும் இப்படி ஒன்றை ஆரம்பித்தார்கள். அக்குபங்சர் படித்த தன்னால், தன்னைப் போன்ற கூலிக்காரக் குடும்பத்து ஜனங்களுக்கு அதைக் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் அவருக்கு உறுத்தல். 15 டாலரிலிருந்து 35 டாலர் வரை, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று வைத்தார்கள். அதற்கும் முன்னால், 1970களில், நியூயார்க்கின் தென் பிராங்ஸ் பகுதியில் லிங்கன் மருத்துவமனையில் போதைப் பழக்கத்துக்கு ஆளானவர்களை வட்டமாக உட்கார வைத்துக் காதில் ஊசி போட்டார்கள். கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் போராடிப் பெற்ற பிரிவு அது. சீனாவிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரே கூடத்தில் பலருக்குப் போடுவது சாதாரணம்.

மற்றவர் முன்னால் நோயைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், பட்டாசலுக்குப் பின்னால் இருக்கிற அரங்குவீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரிடம் பேசலாம். பேசிவிட்டு வந்து நாற்காலியில் உட்காரவேண்டியதுதான்.

யார் பக்கத்தில் யார் உட்காருவது?

வந்த வரிசைப்படி எந்த நாற்காலி காலியோ அதில். எதற்காக இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்று எங்களுக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். இதில் பேச்சுக்கு இடம் இல்லை.

எவ்வளவு ரூபாய்?

50 ரூபாயிலிருந்து 250 ரூபாய் வரை. எதைக் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ரேஷன் கார்டு, வருமானச் சான்று எதுவும் காட்டவேண்டாம். 50 கொடுத்தவருக்கும் 250 கொடுத்தவருக்கும் அதே நாற்காலி, அதே ஊசி, அதே டாக்டர். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது டாக்டருக்குத் தெரியாது. 50 ரூபாயும் அன்றைக்குக் கையில் இல்லை என்றால் மேசையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்திருப்பவர்கள் 250-க்கு மேலும் கொடுக்கலாம். நாங்கள் தடுக்கமாட்டோம்.

ஊசி போடுகிறவர்கள் படித்தவர்களா?

இரண்டு பேர், இருவரும் பி.என்.ஒய்.எஸ். படித்துப் பதிவு செய்த இயற்கை மருத்துவ டாக்டர்கள். ஐந்தரை வருஷப் படிப்பு அது, அக்குபங்சரும் அதற்குள் ஒரு பாடம். 2003-ல் மத்திய சுகாதார அமைச்சகம், பதிவு பெற்ற மருத்துவர்களும் முறையாகப் பயிற்சி பெற்றவர்களும் அக்குபங்சர் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறது. "முறையாக" என்ற இடத்தில்தான் சிக்கல். வாரக் கடைசி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்களும் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் எங்கே போனாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள். எங்களிடம் சுவரில் மாட்டியிருக்கும்.

சில இடத்தில் ஊசியே இல்லாமல் நாடி பார்த்து, ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டே குணமாக்குவதாகச் சொல்கிறார்களே?

தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்றதும் பலருக்கு அந்தத் தொடு சிகிச்சைதான் நினைவுக்கு வருகிறது. அதில் உண்மையான ஈடுபாட்டோடு, காசு வாங்காமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் ஊசிதான் போடுகிறோம். ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஊசியை வைத்தே நடந்திருக்கின்றன.

அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. அந்த வட்டாரத்தில் சிலர், எல்லாரும் அல்ல, மருந்தே விஷம், தடுப்பூசி வேண்டாம், பிரசவத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பேச்சோடு எங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இங்கே வந்தால் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. ஒரு வேளைகூட.

இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடிப்போகிறது. மாத்திரையிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று நினைத்து வந்தவர்கள் அவர்கள். ஆசை புரிகிறது. ஆனால் இன்சுலின் போடுகிறவர் அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். பிரஷர் மாத்திரையை நிறுத்தினவருக்கு ஒரு வலியும் தெரியாது, ஒருநாள் காலையில் கை கால் விழுந்துபோகலாம். "மக்களைத் தேடி மருத்துவம்" வந்த 2021 முதல் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொண்டுவருகிற பெண்ணிடம் "நான் ஊசி போட்டுக்கிடுதேன், இனி வேண்டாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியது எங்களுக்குத் தெரிந்தால், உங்களுக்கு ஊசி போடமாட்டோம். முதல் தடவை வரும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். டாக்டர் பார்த்து எழுதிக்கொள்வார். முழங்கால் வலி குறைந்து, வலி மாத்திரை தேவைப்படாமல் போனால் நல்லது, அதையும் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

உண்மையிலேயே கேட்குமா? இல்லை, மனப்பிரமையா?

நேர்மையான பதில் கொஞ்சம் சங்கடமானது.

ஜெர்மனியில் நாள்பட்ட குறுக்கு வலி உள்ள 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளியானது. சரியான புள்ளியில் ஊசி போட்டவர்களில் ஆறு மாதம் கழித்து 47.6 சதவீதம் பேருக்குப் பலன். வேண்டுமென்றே தவறான இடத்தில் மேலோட்டமாக ஊசி போட்டவர்களில் 44.2 சதவீதம். மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 27.4 சதவீதம். இதை ஊசிக்காரர்கள் தங்கள் வெற்றி என்பார்கள். புள்ளி என்பதே கட்டுக்கதை என்று மறுப்பவர்களும் இதே ஆய்வைத்தான் காட்டுவார்கள். இரண்டு பேரும் முழுக்கத் தப்பில்லை.

அரசாங்கங்களும் ஒரே குரலில் பேசவில்லை. இங்கிலாந்தில் வைத்திய வழிகாட்டுதல் தருகிற நைஸ் என்ற அமைப்பு, குறுக்கு வலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்று 2016-ல் சொன்னது. அதே அமைப்பு, வேறு நோயால் வந்ததென்று சொல்லமுடியாத நாள்பட்ட வலிக்கு அதைத் தரலாம் என்று 2021-ல் சொன்னது. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வந்து, அதைத் தடுக்கிற மாத்திரைகள் ஒத்துவராதவர்களுக்கு ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் பத்து தடவை வரை போடலாம் என்பதும் அவர்கள் சொன்னதுதான். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கம் 2017-ல், குறுக்கு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் செய்து பார்க்கவேண்டியவற்றில் அக்குபங்சரையும் சேர்த்தது.

எங்கள் கருத்து இது. வலிக்குப் பலருக்குக் கேட்கிறது. ஊசியால் கொஞ்சம், முக்கால் மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் சாய்ந்து கிடப்பதால் கொஞ்சம், ஒருத்தர் உட்கார்ந்து நம் வலியைக் கேட்டதால் கொஞ்சம். நம் ஊரில் பகலில் முக்கால் மணி நேரம் சும்மா சாய்ந்து கிடக்கிற பெண்ணை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

அக்குபங்சரால் மயக்க மருந்தே இல்லாமல் ஆபரேஷன் செய்த கதை உண்மையா?

அடிக்கடி சுற்றுகிற கதை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுடையது. 1971-ல் பீஜிங் போன இடத்தில் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. வழக்கமான மருந்து செலுத்தி மரத்துப்போக வைத்துத்தான் அறுத்தார்கள். அதற்குப் பிறகு வயிறு உப்பி அவஸ்தைப்பட்டபோது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி போட்டார்கள், அவஸ்தை குறைந்தது. அவரே எழுதியது அவ்வளவுதான். கதை கடல் தாண்டும்போது கத்தியும் சேர்ந்துகொண்டது.

எதற்கெல்லாம் வரலாம்?

குறுக்கு வலி, கழுத்து வலி, தோள்பட்டை இறுக்கம், மூட்டுத் தேய்மான வலி, ஒற்றைத் தலைவலி, தூக்கமின்மை, மனப் பதற்றம், மாதவிடாய் வலி, கேன்சர் சிகிச்சையில் வருகிற குமட்டல். கேன்சர் விஷயத்தில் உங்கள் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, குமட்டலுக்கு மட்டும். கேன்சருக்கு அல்ல.

எதற்கு வரக்கூடாது?

நெஞ்சு வலி, திடீரென்று வாய் கோணுவது, கை கால் விழுவது, பாம்புக்கடி, விடாத காய்ச்சல், மஞ்சள் காமாலை. இவற்றுக்கு 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனை, அங்கிருந்து ஐகிரவுண்ட், அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். அந்த நேரத்தில் எங்கள் வாசலில் ஆட்டோவை நிறுத்தி "முதல்ல ஒரு ஊசி போட்டுப் பாருங்க" என்று கேட்டால் உள்ளேயே விடமாட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். முகம் மட்டும் ஒரு பக்கம் கோணுகிற முகவாதம் என்றாலும் முதலில் டாக்டர்தான். அதற்கான மாத்திரையை மூன்று நாளுக்குள் ஆரம்பிக்கவேண்டும். அதன் பிறகு இங்கே வரலாம்.

நான் பீடி சுற்றுகிறவள். கழுத்தும் பெருவிரலும் இரவில் உளையுது. இதற்கு என்ன செய்வீர்கள்?

உங்களை நினைத்துத்தான் இந்த இடத்தையே ஆரம்பித்தோம். மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, இலையை அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றி, மறுபடி அடுத்த இலை. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை பெருவிரல் இதே அசைவைச் செய்கிறது. கணக்கு குறைந்தால் கூலி குறையும் என்பதால் நிமிர்வதற்கும் யோசனை.

வலது பெருவிரலில் வலி என்றால் டாக்டர் பெரும்பாலும் அந்த விரலைத் தொடமாட்டார். இடது காலில், பெருவிரல் பக்கமாகப் பாதத்தில் ஒரு புள்ளியைத் தடவிப் பார்ப்பார். அழுத்தும்போது ஓர் இடத்தில் சுள்ளென்று இருக்கும். அங்கே ஊசி. ஊசி போட்டதும் "இப்போ கை விரலை மடக்கி நிமிர்த்திப் பாருங்க" என்பார். நீங்கள் காற்றில் பீடி சுற்றுகிற மாதிரி விரலை ஆட்டவேண்டும், எங்கே இழுக்கிறது என்று சொல்லவேண்டும். இழுப்புக் குறையவில்லை என்றால் ஊசியைக் கொஞ்சம் நகர்த்துவார். கழுத்துக்கும் இப்படித்தான், ஊசி கையிலும் கணுக்காலிலும் இருக்கும், தலையைத் திருப்பிப் பார்க்கிற வேலை உங்களுடையது. பழைய வழக்கம் இது, வலிக்கிற இடத்தை விட்டுத் தூரத்தில் போடுவது. கூடத்தில் உடை களையாமல் வைத்தியம் செய்யமுடிவதும் இதனால்தான்.

விரல் மரத்துப்போனால், பொருள் கையிலிருந்து நழுவினால், அது நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்வோம். வலி குறைந்த பிறகு அதே பத்து மணி நேரம் அதே குனிவு என்றால் அது திரும்பி வரும். சில கட்டு முடிந்ததும் எழுந்து முற்றம் வரை ஒரு நடை போய்வாருங்கள். கூலி கூடினால் குனிகிற நேரம் குறையும், அதற்கு எங்களிடம் ஊசி இல்லை.

வலிக்குமா? எனக்கு ஊசின்னாலே பயம்.

சாதாரண அக்குபங்சர் ஊசியின் கனம் கால் மில்லிமீட்டர். ரத்தம் எடுக்கிற ஊசியின் துளைக்குள்ளேயே இது நுழைந்துவிடும். குத்தும்போது எறும்பு கடித்த அளவு, சில இடத்தில் அதுவும் இல்லை. பிறகு அந்த இடத்தில் ஒரு கனம், ஒரு மந்தமான உளைச்சல் வரும். அது வரவேண்டும் என்றுதான் டாக்டர் எதிர்பார்ப்பார். சுரீர் என்று கரண்ட் அடித்த மாதிரி இருந்தாலோ எரிந்தாலோ பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள், எடுத்துவிடுவார்.

சிலருக்கு முதல் தடவை தலைசுற்றி வேர்க்கும். பெரும்பாலும் பயத்தாலும் பசியாலும். அதனால் வெறும் வயிற்றோடு வராதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஊசி எடுத்த இடத்தில் சின்ன ரத்தக்கட்டு வரலாம், சில நாளில் போய்விடும். நெஞ்சுக்கூட்டிலும் தோளின் மேலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் பட்டுவிடுகிற ஆபத்து அபூர்வமாக உண்டு. அந்த இடங்களில் நாங்கள் போடுவதே இல்லை.

ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போடுவீர்களா?

மாட்டோம். அடைத்து வந்த உறையை உங்கள் கண் முன்னால்தான் கிழிப்போம். எடுத்த ஊசிகள், ஊசிமுனை துளைக்காத வெள்ளை டப்பாவுக்குள் போகும். மருத்துவக் கழிவு விதிகள் 2016-ல் கூர்மையான பொருளுக்கு வெள்ளை டப்பாதான். எத்தனை ஊசி போட்டோம், எத்தனை எடுத்தோம் என்று உங்கள் சீட்டில் எழுதுவோம். நீங்களும் எண்ணுங்கள். தூங்கி எழுந்து, கணுக்காலில் ஒன்றை மறந்து வீட்டுக்குப் போன கதைகள் உலகம் முழுக்க உண்டு.

என்ன உடுத்திக்கொண்டு வரவேண்டும்?

முழங்கை வரையும் முழங்கால் வரையும் ஏற்றிவிட முடிகிற எதுவும். சேலை, வேட்டி, கைலி, சுடிதார் எல்லாம் சரி. இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். மெட்டி இருக்கலாம். கொலுசைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டால் போதும்.

பெண்களுக்குத் தனி நேரம் உண்டா?

செவ்வாயும் வெள்ளியும் மதியம் 2 முதல் 5 வரை பெண்கள் மட்டும், டாக்டரும் பெண். மற்ற நாளிலும் நடுவே திரைச்சீலை இருக்கும். மேலப்பாளையத்திலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் வருகிற அக்கா, தங்கச்சிமார் புர்காவோடே உட்காரலாம், கையும் பாதமும் தெரிந்தால் போதும்.

கர்ப்பமாக இருப்பவர்கள் வரலாமா?

முதலில் சொல்லிவிடவேண்டும். கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு புள்ளி, கணுக்காலுக்கு மேலே ஒரு புள்ளி, இவற்றைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பது வழக்கம். குமட்டலுக்கு மணிக்கட்டுப் புள்ளி ஒன்று உண்டு, அதற்கு வரலாம். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

வீட்டுக்காரர் குடியை நிறுத்த ஊசி உண்டா?

லிங்கன் மருத்துவமனையில் ஆரம்பித்த அந்தக் காது ஊசி, ஒவ்வொரு காதிலும் ஐந்து புள்ளி, இங்கே சனிக்கிழமை சாயங்காலம் இலவசம். குடிப்பவரும் வரலாம், குடிப்பவரோடு வாழ்கிறவரும் வரலாம். இரண்டாமவருக்குத்தான் தூக்கம் அதிகம் தேவை. ஊசி மட்டுமே குடியை நிறுத்திவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பதற்றம் தணிகிறது, தூக்கம் வருகிறது என்று பலர் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வாக்குறுதி. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரை போகும், அது உயிருக்கே ஆபத்து. அவரை ஐகிரவுண்ட் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள், ஊசி அப்புறம். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க ஏதாவது தருவீர்களா என்று கேட்டவருக்கு: தரமாட்டோம்.

இது நம்ம வர்மம்தானே?

இல்லை. புள்ளி என்பது இரண்டிலும் உண்டு. வர்மம் சித்த மருத்துவத்தைச் சேர்ந்தது, படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று கணக்கு. அங்கே ஊசி கிடையாது, கைதான். எது எதிலிருந்து போனது என்கிற சண்டைக்கு நாங்கள் வரவில்லை. வர்ம சிகிச்சை வேண்டுமென்றால் 1964-லிருந்து இருக்கிற பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் போய்க் கேளுங்கள்.

தூங்கிவிட்டால்? குறட்டை விட்டால்?

தூங்கலாம். குறட்டையும் விடலாம், இரண்டு பேர் சேர்ந்து விட்டால் மற்றவர்களுக்குப் பஞ்சு கொடுப்போம். செல்போன்தான் கூடாது. சைலண்டில் போட்டு மேசையில் வையுங்கள். "எங்கே இருக்கே, கேஸ் சிலிண்டர் வந்திருக்கு" என்று ஒரு போன் வந்தால் எட்டு பேரும் எழுந்து உட்காருவார்கள்.

எத்தனை தடவை வரவேண்டும்?

நாள்பட்ட வலிக்கு வாரம் இரண்டு தடவை, ஆறு தடவை வந்து பாருங்கள். அதற்குள் ஒரு வித்தியாசமும் இல்லையென்றால் நாங்களே "இது உங்களுக்குக் கேட்கவில்லை, வேறு டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லிவிடுவோம். மூன்று மாதப் பேக்கேஜ், முன்பணம் கட்டினால் தள்ளுபடி, இதெல்லாம் இங்கே கிடையாது.

முன்பதிவு செய்யவேண்டுமா?

முதல் தடவைக்கு மட்டும். நோட்டீஸில் இருக்கிற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் பெயர், ஊர், வர வசதியான நேரம் அனுப்பினால் போதும். திறப்பு விழா அன்றைக்கு ஊசி அந்த நாலு பேருக்கு மட்டும். மற்றவர்களுக்குத் திங்கட்கிழமை காலை 7 மணியிலிருந்து. வேலை நேரம் காலை 7 முதல் 10, மதியம் 2 முதல் இரவு 8. ஞாயிறு விடுமுறை.

திறப்பு விழாவுக்கு என்ன கொண்டுவரலாம்? மொய் எழுதுவீர்களா?

மொய் கிடையாது. பொன்னாடை, சந்தன மாலை, வாழ்த்து ஃபிளக்ஸ் தயவுசெய்து வேண்டாம். ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் துண்டு கொடுங்கள். நாற்காலியில் விரிக்க, கழுத்துக்கு அண்டை கொடுக்க, கண்ணுக்கு மேல் போட்டுக்கொள்ள என்று நாளெல்லாம் துண்டு தேவைப்படும், தினமும் துவைக்கவும் வேண்டும். பருத்தித் துண்டாக இருக்கட்டும், எங்கள் ஊர்த் தறியில் நெய்ததாக இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளை மட்டும் வேண்டாம், தலைக்குத் தேய்த்துவருகிற தேங்காயெண்ணெய்க் கறை போகவே போகாது.